சம்பந்திக்குப் பின்னால ஓடறவ

சித்தெ தள்ளி உக்காரு கண்ணு. பையை மடியில வெச்சுக்க, ஆமா, அப்பிடித்தான். சிங்காநல்லூர்ல ஏறுனா காந்திபுரம் போறதுக்குள்ள ஒரு கல்யாணமே முடிஞ்சிரும், சாயங்காலம் அத்தனை கூட்டம் ரோட்டுல. நின்னுட்டே வந்தா காலு கடுக்கும். காலு எனக்கு முக்கியம். நான் ஓடறவ.

நம்பாதவளாட்டப் பாக்கறே. சேலை கட்டிட்டு பஸ்ஸுல வந்தா ஓடத் தெரியாதுன்னு ஆயிருமா? மெய்யாலுமேதான் சொல்றேன். போன மாசம் பத்து கிலோமீட்டரு ஓடி முடிச்சேன். வூட்டுல மெடல் தொங்குது, நம்ம பிள்ளையாரு படத்துக்குப் பக்கத்துல.

உன்ற போனை எட்டிப் பாக்கப்படாதுதான். ஆனாலும் கண்ணுல பட்டுருச்சு. வாட்ச்சுதானே தேடிட்டு வந்தே? கையில கட்டுனா நாடித் துடிப்பு காட்டற வாட்ச்சு. அந்தக் கறுப்புப் பட்டை போட்டதைப் பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பாத்துட்டிருந்தே. அதை வாங்கிறாதே. இதா பாரு என்ற கையில, அதே கம்பெனி, அதே மாடலு. பதினோரு மாசமா இதோட மாரடிச்சுட்டிருக்கேன். நான் சொல்றதைக் கேட்டுப்போட்டு அப்பறம் உன்ற இஷ்டம்.

என்ற பேரு வசந்தாமணி. சிங்காநல்லூர்ல எங்குளுக்கு கிரைண்டர் கடை. எங்கூட்டுக்காரர் பின்னால பட்டறையில மோட்டார் பூட்டுவாரு, நான் முன்னால கவுண்டர்ல. முப்பது வருசமா கம்ப்ளெயிண்டு கேக்கறதுதான் என்ற வேலை. "மோட்டார் சூடாகுதுங்க, கல்லு சுத்தமாட்டேங்குதுங்க, நீங்க குடுத்தது டூப்ளிகேட் பீசுங்க"ன்னு சண்டைக்கு வருவாங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன். ஒரே கேள்விதான் கேப்பேன். எத்தனை அரிசி போட்டீங்கம்பேன். ரெண்டு லிட்டர் கிரைண்டர்ல மூணு லிட்டருக்குப் போட்டு ஆட்டிப்போட்டு, குத்தம் மெசின் மேலயாம். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம். "மெசின் பொய் சொல்லாதுங்க, அது மேல ஏத்துன பாரத்தைப் பாருங்க"ன்னு சொல்லித் தாட்டி வுட்டுருவேன்.

அப்பிடி உக்காந்தே இருந்ததுல ஒடம்புல சக்கரை வாசப்படி வரைக்கும் வந்துருச்சு. டாக்டரம்மா நடக்கச் சொன்னாங்க. நடந்தேன். ரேஸ்கோர்ஸ்ல ஒரு சுத்து, ரெண்டு சுத்துன்னு நடந்தேன். ஒரு நாளு மழை வந்துச்சு, கார் வரைக்கும் ஓடுனேன். ஓடி முடிச்சுப்போட்டு நின்னா, அடடா, இன்னும் கொஞ்சம் ஓடியிருக்கலாமேன்னு தோணுச்சு. அம்பத்தி மூணு வயசுல அப்பிடித்தான் ஆரம்பிச்சுது. மறுநாளே ஷூ வாங்கிட்டேன். ஓடறப்போ ஒருத்தரும் என்கிட்ட வந்து கம்ப்ளெயிண்டு சொல்றதில்லை கண்ணு. நாள்ல அந்த ஒரு மணி நேரந்தான் என்றது. அதை யாரு கேட்டாலும் நான் குடுக்க மாட்டேன்.

டாக்டரம்மாகிட்ட சொன்னேன். ஓடுங்க, ஆனா நாடி நூத்தி நாப்பதைத் தாண்டாமப் பாத்துக்குங்கன்னாங்க. ஓடிட்டே எப்பிடிங்க நாடியைப் பாக்கறதுன்னேன். அதுக்குத்தான் வாட்ச்சு.

கடைக்குப் போனா அம்பது வகை இருக்குது. ஒண்ணு தூங்கறதை அளக்குமாம், ஒண்ணு குளத்துல முங்குனாலும் ஓடுமாம், ஒண்ணு போன் பேசுமாம். எனக்கெதுக்கு அதெல்லாம்? அங்க விக்கற பொண்ணுக்கு நல்ல பொறுமை. வாட்ச்சைத் திருப்பி அடியில பச்சையா மின்னற வெளிச்சத்தைக் காட்டுனா. அந்த வெளிச்சம் தோலுக்குள்ள போயி ரத்தம் ஓடறதைப் பாத்து எண்ணிச் சொல்லுமாம். மணிக்கட்டு எலும்புக்கு ரெண்டு வெரக்கடை மேல, ஆடாமக் கட்டோணும். நெஞ்சைச் சுத்திக் கட்டற பட்டை இன்னும் துல்லியம், ஆனா அது தனியா வாங்கோணும்னா. எல்லாஞ் சரி, ஆட்டிக் காட்டு அம்மிணின்னேன். அவளுக்குப் புரியலை. எங்க கடையில ஊறப்போட்ட அரிசியைப் போட்டு ஆட்டிக் காட்டாம ஒரு கிரைண்டரு வெளிய போகாது, அப்பிடி நீ காட்டுன்னேன்.

அவ முழிச்சா. நானே காட்டிக்கிட்டேன். எடது கையில ரெண்டு, வலது கையில ஒண்ணு கட்டிக்கிட்டு அந்தக் கட்டடத்து மாடிப்படியில நாலு தரம் ஏறி எறங்குனேன். வாட்ச்மேன் ஓடி வந்துட்டாரு, திருடிட்டு ஓடறேன்னு நெனைச்சுட்டாரு. ஏறுன கையோட கழுத்துல வெரலை வெச்சு, செவுத்துக் கடிகாரத்தைப் பாத்து நானே எண்ணுனேன். ஒரு வாட்ச்சு இருவது கொறைச்சுக் காட்டுச்சு. இன்னொண்ணு சோம்பேறி, நான் மூணாவது மாடிக்குப் போயி மூச்சு வாங்கி முடிச்சப்பறந்தான் அது ரெண்டாவது மாடிக்கே வந்துச்சு. இது ஒண்ணுதான் என்ற வெரலு சொன்னதையே அச்சுப் பிசகாமச் சொல்லுச்சு. அதனாலதான் இதை வாங்குனேன். நானே பரிசோதிச்சு வாங்குனது, அதுதான் வயித்தெரிச்சலு.

மொதல் ரெண்டு மாசம் தங்கமாட்ட ஓடுச்சு. கிலோமீட்டருக்கு ஏழரை நிமிசத்துல ஓடுவேன், நூத்தி முப்பத்தி மூணு, முப்பத்தி அஞ்சு, அதைத் தாண்டாது. என்ற மக நிரஞ்சனா ஒரு ஆப்பைப் போட்டு, என்ற நாடி அவ போன்ல தெரியறாப்புல பண்ணிட்டா. அவளைக் கட்டிக்குடுத்து ஒண்ணரை வருசமாச்சு. இந்த பஸ்ஸு போற வழியில, ராமநாதபுரத்துல வூடு. கம்ப்யூட்டர் ஆபீஸ் வேலை. நானு டிசம்பர்ல பொம்பளைங்க பத்து கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பேரு குடுக்கப் போறேன்னதும், "அம்மா, வாட்ச்சு ஒழுங்கா நூத்தி நாப்பதுக்குள்ள காட்டுனா ஓடு, இல்லீன்னா நான் வுட மாட்டேன்"னு சொல்லிப்போட்டா. சொன்னா செய்வா. என்னையாட்டவே.

அப்பத்தான் சம்பந்தியம்மா ஓட வந்தாங்க.

மாப்பிள்ளையோட அம்மா. சுலோச்சனான்னு பேரு. நல்லவங்க கண்ணு. ஒரு குறை சொல்ல முடியாது, நானும் சொல்றதில்லை. நான் ஓடறதைக் கேள்விப்பட்டு, "சனி ஞாயிறு நானும் வர்றேனுங்க சம்பந்தி"ன்னாங்க. வந்தாங்க. கையில வாட்ச்சு, என்றதேதான், பட்டை மட்டும் செவப்பு. ஷூ என்றதை வுட ஒசத்தி. அதைப் பத்தி எனக்கு ஒண்ணுமில்லை.

இப்ப நீயே சொல்லு. பொண்ணைக் குடுத்தவ நானு. பந்தியில அவங்க உக்காந்தப்பறந்தான் நாங்க உக்காருவோம். கோயில்ல திருநீறு அவங்க எடுத்தப்பறம் நாங்க. லிஃப்ட்டுலகூட அவங்க ஏறட்டும்னு நிப்பேன், ரெண்டு தரம் கதவு மூடி அவங்க மட்டும் மேல போயிட்டாங்க. அப்பிடி இருக்கறப்போ ரேஸ்கோர்ஸ்ல ஊரே பாக்க நான் அவங்களை முந்திட்டு ஓடுனா நல்லாவா இருக்கும்? நாளைக்கு என்ற மகளை ஒரு வார்த்தை சொல்ல எடம் குடுக்கலாமா? அதனால ரெண்டடி பின்னாலயே ஓடுனேன். மரியாதைக்கு. எட்டு மாசத்துல ஒரு தரங்கூட நான் முந்தலை.

அவங்க வேகமா? கிலோமீட்டருக்கு ஒம்பதரை நிமிசம். நடக்கறவங்க எங்களைத் தாண்டிப் போவாங்க. ஒரு பாட்டையா கைத்தடியோட தாண்டிப் போனாரு. எனக்கு அதுல வருத்தமே இல்லை. மெதுவா ஓடுனா ஒடம்புக்கு நல்லதுதானே.

ஓடறப்போ பேசிட்டே வருவாங்க. நான் பின்னால வர்றதால ம் கொட்டுனாப் போதும். "நிரஞ்சனா மாவுக்கு வெந்தயம் போட மறந்துட்டா சம்பந்தி"ம்பாங்க. "உங்கூட்டுல ரசத்துக்குப் பூண்டு தட்டிப் போடற வழக்கமில்லீங்களா"ம்பாங்க. "நான் ஒண்ணும் சொல்றதில்லீங்க, பக்கத்துல நின்னு பாக்கறதோட சரி"ம்பாங்க. நான் ஆமாமுங்க, ஆமாமுங்கன்னுட்டே வருவேன். அப்பத்தான் இந்தச் சனியன் பிடிச்ச வாட்ச்சு கத்த ஆரம்பிக்கும். கீங் கீங் கீங். பாத்தா நூத்தி அம்பத்தி எட்டு.

நீ படிச்ச பொண்ணு. திங்கக்கெழமை தனியா ஏழரை நிமிசத்துல ஓடுனா நூத்தி முப்பத்தி அஞ்சு. ஞாயித்துக்கெழமை ஆமையாட்ட ஒம்பதரை நிமிசத்துல ஓடுனா நூத்தி அம்பத்தி எட்டு. இது வாட்ச்சுக் கோளாறு இல்லாம வேற என்ன?

சர்வீஸ் சென்டருக்குப் போனேன். அங்க கண்ணாடி போட்ட ஒரு அம்மிணி உக்காந்திருக்கறா. சோதிச்சுப் பாத்துப்போட்டு, வாட்ச்சு நல்லாத்தானுங்க இருக்குது, வளையல் இடிக்கற மாதிரி இருக்குதுங்க, அதைக் கழட்டிட்டு ஓடுங்கன்னா. கழட்டிட்டு ஓடுனேன். "என்னங்க சம்பந்தி, வெறுங்கையோட வந்திருக்கறீங்க, கட்டுன புருசன் கல்லாட்ட இருக்கறப்போ"ன்னாங்க சம்பந்தியம்மா. அன்னைக்கு நூத்தி அறுவத்தி ரெண்டு.

ரெண்டாவது தரம் போனேன். உள்ள என்னமோ அழிச்சு மறுபடி ஏத்திக் குடுத்தாங்க. அதே கதை. மூணாவது தரம் போயி மேசையைத் தட்டிட்டேன். எட்டு வூட்டுக்குக் கேக்கற சத்தம். அந்த அம்மிணி பொறுமையா, "நீங்க ஓடறப்போ வேற ஏதாச்சும் நடக்குதுங்களாம்மா"ன்னு கேட்டா. "நான் வாட்ச்சைப் பத்திப் பேச வந்தேன், என்ற குடும்பத்தைப் பத்தி இல்லை"ன்னேன். அவ குடும்பத்தைப் பத்திக் கேக்கவே இல்லைன்னு எங்கூட்டுக்காரர் பின்னால சொன்னாரு. அவருக்கு எப்பவுமே லொள்ளு. எப்பிடியோ, புது பீசு மாத்திக் குடுத்துட்டாங்க. இது அந்தப் புதுசுதான். இதுவும் அதே நூத்தி அம்பத்தி எட்டு. ஒரே பட்டறையில செஞ்சா எல்லாம் ஒரே கோளாறோடதானே வரும்?

வுட்டேனா நானு? நெஞ்சுல கட்டற பட்டையையும் வாங்குனேன். தண்ணியில நனைச்சு மாருக்குக் கீழ கட்டோணும், காலங்காத்தால சில்லுன்னு உசிரே போகும். அதையும் கட்டிட்டு ஞாயித்துக்கெழமை ஓடுனேன். வாட்ச்சுல நூத்தி அம்பத்தி எட்டு, பட்டையில நூத்தி அம்பத்தி ஒம்பது. ரெண்டும் ஒரே கம்பெனி. ஒண்ணை ஒண்ணு வுட்டுக் குடுக்குமா?

நிரஞ்சனா புடிச்சுக்கிட்டா. "அம்மா, ஞாயித்துக்கெழமை ஆனா ஏறுதே, ஏதோ இருக்குது, நீ பத்து கிலோமீட்டர் ஓட வேண்டாம்"னா. எனக்கு அழுகையே வந்துருச்சு கண்ணு. அழுகறவ இல்லை நானு, கடன்காரங்க வந்தப்பக்கூட அழுகலை. அந்தப் பத்து கிலோமீட்டருக்கு நான் ஏழு மாசமா விடியக்காலம் எந்திரிச்சிருக்கேன். சம்பந்தியம்மாவும் பேரு குடுத்திருந்தாங்க. அவங்க ஓடி நான் வூட்டுல உக்காந்திருந்தா எப்பிடி இருக்கும்? டாக்டரம்மாகிட்டப் போயி ஓடற மெசின் மேல ஏத்தி எல்லாச் சோதனையும் பண்ணியாச்சு. நெஞ்சு கல்லாட்ட இருக்குதுன்னுட்டாங்க. அதைக் காட்டி, கெஞ்சிக் கூத்தாடி, கடைசியா ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தா. "ஏழாவது கிலோமீட்டர்ல நான் போனோட நிப்பேன். நூத்தி அறுவது காட்டுச்சுன்னா ரோட்டுல எறங்கிக் கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயிருவேன். அத்தை முன்னாலயேதான் கூட்டிட்டுப் போவேன்."

அந்தக் கடைசி வார்த்தைதான் எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு.

ஓட்டத்தன்னைக்கு ரெண்டாயிரம் பொம்பளைங்க. பாட்டு, கூத்து, ஒரே கொண்டாட்டம். சம்பந்தியம்மா முன்னால, நானு ரெண்டடி பின்னால. மொதல் கிலோமீட்டர்ல நூத்தி நாப்பத்தி நாலு. மூணாவதுல அம்பத்தி ஒண்ணு. அஞ்சாவதுல அம்பத்தி ஆறு. கீங் கீங். சுத்தி இருக்கறவங்கெல்லாம் திரும்பிப் பாக்கறாங்க. ஏழாவது கிலோமீட்டர்ல என்ற மக நிக்கறா. நான் சாமியெல்லாம் கும்புட்டுட்டே ஓடறேன், மருதமலை முருகா, ஈச்சனாரி அப்பனே, இந்த வாட்ச்சை மட்டும் இன்னைக்கு ஒரு நாளு சரி பண்ணிக் குடுன்னு.

ஆறைத் தாண்டுன ஒடனே, தண்ணி குடுக்கற எடத்துல சம்பந்தியம்மா நின்னுட்டாங்க. அவங்க நின்னா நானும் நிக்கோணுமே. நின்னேன். அவங்க தண்ணி குடிச்சாங்க, ஷூ கயித்தை அவுத்தாங்க, மறுபடி கட்டுனாங்க. எனக்குப் பின்னால வந்தவ எல்லாம் முன்னால போறா. நான் நிக்கறேன். வாட்ச்சைப் பாத்தா நூத்தி அம்பத்தி ஒம்பது. நின்னுட்டு. ஒரு அடி எடுத்து வெக்காம. இதுக்கு மேல ஒரு வாட்ச்சு பொய் சொல்ல முடியுமா?

அப்ப அவங்க நிமுந்து என்னைப் பாத்தாங்க. மொகமெல்லாம் செவந்து கெடக்குது. "சம்பந்தி, உங்குளுக்குப் புண்ணியமாப் போகட்டும், நீங்க முன்னால போயிருங்க"ன்னாங்க. "ஐயோ, அதெப்பிடிங்க"ன்னேன். "எட்டு மாசமா என்ற முதுகுக்குப் பின்னால உங்க ஷூ சத்தம் கேட்டுட்டே இருக்குதுங்க. நீங்க நல்லா ஓடறவங்க. மெதுவாப் போனா மாப்பிள்ளை வூட்டுக்காரி இவ்வளவுதானான்னு நெனைச்சுக்குவீங்களோன்னு, சக்திக்கு மீறி ஓடிட்டிருக்கறேனுங்க. ஒண்ணும் தோணக்கூடாதுன்னுதான் நிறுத்தாம எதையாச்சும் பேசிட்டும் வர்றது. இதா பாருங்க"ன்னு கையை நீட்டுனாங்க. செவப்புப் பட்டையில நூத்தி அறுவத்தி ஆறு. "இதையும் மூணு தரம் சர்வீஸுக்குக் கொண்டுபோயிட்டேன். கண்ணாடி போட்ட ஒரு புள்ளை, கோளாறே இல்லீங்கறா."

பாவம் கண்ணு. மனசுக்குள்ள அத்தனையும் போட்டு அமுக்கிட்டு ஓடியிருக்கறாங்க. நாடி ஏறாம என்ன பண்ணும்? எனக்கு அப்பிடியெல்லாம் ஒண்ணுங் கெடையாது, என்றது வெறும் வாட்ச்சுக் கோளாறு. ஆனாலும் அவங்க அப்பிடி ஒடச்சுச் சொன்னதும் எனக்கு மனசு எளகிப்போச்சு. கையைப் புடிச்சுக்கிட்டு, "அப்பிடின்னா நான் போறேனுங்க சம்பந்தி, கோவிச்சுக்காதீங்க"ன்னேன். "போங்க, போயித் தொலைங்க"ன்னு சிரிச்சாங்க. எட்டு மாசத்துல அவங்க என்னை வெய்யறது அதுதான் மொதல் தரம். அத்தனை சந்தோசமா இருந்துச்சு.

போனேன். அப்பிடியே வுட்டேன் பாரு ஓட்டம். ஏழாவது கிலோமீட்டர்ல நிரஞ்சனா போனைப் பாக்கறா, என்னைப் பாக்கறா, மறுபடி போனைப் பாக்கறா. நூத்தி முப்பத்தி ஏழு. அந்த நேரம் பாத்து வாட்ச்சு தானாச் சரியாயிருச்சு. சில மெசினு அப்பிடித்தான், ஓட ஓடச் சரியாகும். "அத்தை எங்கம்மா"ன்னு கத்துனா. "பின்னால வர்றாங்க"ன்னு நானும் கத்துனேன். வாயைப் பொத்திட்டுச் சிரிச்சா பாரு, கல்யாணத்துக்கு அப்பறம் அவ அப்பிடிச் சிரிச்சு நான் பாத்ததில்லை.

ஒண்ணரை மணி நேரத்துல முடிச்சேன். சம்பந்தியம்மா அரை மணி நேரங் கழிச்சு, யாரோ ரெண்டு பேருகூடக் கதை பேசிட்டு, நடந்து வந்து சேந்தாங்க. மொகத்துல அத்தனை தெளிச்சி. இப்பவும் ஞாயித்துக்கெழமை வர்றாங்க. நான் என்ற பாட்டுக்கு ஓடறேன், அவங்க அவங்க பாட்டுக்கு வர்றாங்க. முடிச்சுட்டு ரெண்டு பேரும் ஒரே மேசையில டிபன் சாப்படறோம், யாரு மொதல்ல உக்காந்தாங்கன்னு யாரும் பாக்கறதில்லை.

இப்ப எங்க போறேன்னா கேக்கறே? சர்வீஸ் சென்டருக்குத்தான். என்றதுக்கு இல்லை. இது நிரஞ்சனாவோடது. நாங்க ரெண்டு பேரும் கட்டறதைப் பாத்துட்டு அவளும் போன மாசம் ஒண்ணு வாங்குனா. இந்த மாடலு வேண்டாம்னு சொன்னேன், கேக்கலை. நேத்து வூட்டுக்கு வந்தப்போ கழட்டிக் குடுத்து, "அம்மா, உன்ற வாட்ச்சாட்டவே இதுவும் கோளாறு. நீதான் அங்க எல்லாத்தையும் பழக்கம் பண்ணி வெச்சிருக்கறியே, காட்டிட்டு வா"ன்னா. கேட்டுக்க இந்த அநியாயத்தை. தூங்கறப்போ அறுவத்தி ரெண்டு. ஆபீஸ்ல எழுவது. பஸ்ஸைப் புடிக்க ஓடுனாக்கூட நூறு. சாயங்காலம் ஆறுல இருந்து எட்டு வரைக்கும் மட்டும் நூத்தி பதினெட்டு, நூத்தி இருவது. ஓடிட்டா இருக்கறா? சமையக்கட்டுல நின்னுட்டு வெங்காயம் அரியறா. ஒரு நாளில்லை, ரெண்டு நாளில்லை, ஒரு மாசமா, நாள் தவறாம.

சமையக்கட்டுல வேற யாரு இருப்பாங்கன்னா? யாரு இருப்பாங்க, அவதான் சமைப்பா. சம்பந்தியம்மாவும் இருப்பாங்க. அவங்க ஒண்ணும் சொல்றதில்லை கண்ணு, நல்லவங்க. சும்மா பின்னால நின்னு பாத்துட்டிருப்பாங்க, அவ்வளவுதான்.

பின்னாலதான்.

இரு. ஏன் சிரிக்கறே? சிரிக்காதே இரு.

நிரஞ்சனா இதைக் குடுக்கறப்போ என்ற மொகத்தையே பாத்துட்டு நின்னா. எதையோ சொல்ல வந்தவளாட்ட. நான், சரி அம்மிணி, நான் பாத்துக்கறேன், நல்லாச் சண்டை போட்டு மாத்திட்டு வர்றேன்னு வாங்கிப் பையில போட்டுட்டேன். ஒண்ணரை வருசமா நாள் தவறாம ரெண்டு மணி நேரம் அப்பிடி நின்னிருக்கறா. அம்மாகிட்டச் சொன்னா மாமியாளைக் குறை சொன்னாப்புல ஆயிருமேன்னு வாயைத் தொறக்கலை. ஒரு வாட்ச்சை வுட்டுச் சொல்லியிருக்கறா.

என்ற வாட்ச்சு கோளாறுதான், அதை நான் எந்தக் கோர்ட்டுலயும் சொல்லுவேன். ஆனா இது கோளாறு இல்லை. இது நல்ல வாட்ச்சு. நீ அதையே வாங்கிக்க.

மணி என்ன? அஞ்சரையா? ராமநாதபுரம் தாண்டிருச்சா? இன்னும் இல்லையே? சித்தெ பொட்டாட்ட இரு, ஒரு போன் பண்ணிக்கறேன்.

அல்லோ, சம்பந்தி, நான் வசந்தாமணி பேசறேனுங்க. என்ன பண்றீங்க? சும்மாதான் இருக்கறீங்களா? ஷூவைப் போடுங்க. ஆமாமுங்க, இப்பத்தான். இனிமே சாயங்காலமும் ஓடலாமுங்க, ஆறுல இருந்து எட்டு வரைக்கும். தெனமுந்தான். டாக்டரம்மா சொன்னாங்க. ஆமா, உங்குளுக்குஞ் சேத்துத்தான் சொன்னாங்க. அட, சமையலை அவ பாத்துக்குவாளுங்க. வெந்தயம் இல்லாமத் தின்னா ஒண்ணும் ஆயிராது. யாரு முன்னால ஓடறதுங்களா? யாரும் முன்னால வேண்டாம், பக்கத்துல பக்கத்துல ஓடலாமுங்க. உங்க வேகத்துக்கே வர்றேன். நான் இதா வந்துட்டேன், உங்கூட்டு ஸ்டாப்புலதான் எறங்கறேன்.

சேலையோட எப்பிடி ஓடுவேன்னு கேக்கறியா? சேலையைத் தூக்கிச் சொருகிட்டு நடந்தா போச்சு. காலை எடு கண்ணு, வழி வுடு. கண்டக்டர், ராமநாதபுரம் எறங்கோணுங்க. ஆறடிக்கறதுக்குள்ள நான் அவங்களை வூட்டை வுட்டு வெளிய கெளப்போணும்.